போனது அழுக்கா, கல்லா?

ஊரில் குடமுழுக்கு அறிவித்துவிட்டால் கோயிலைச் சுற்றிச் சாரம் எழும். அதுவரை கருத்துக் கிடந்த மதிலும் தூணும் சில நாட்களில் வெளிறிப் பளிச்சென்று நிற்கும். பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சி. கேட்பாரற்றுக் கிடந்ததை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்ற நிம்மதியும் அதில் உண்டு. அந்த மகிழ்ச்சியில் தவறே இல்லை. ஆனால் அந்தச் சில நாட்களில் சுவரில் என்ன நடந்தது, எது போனது, எது மிஞ்சியது என்பதை நாம் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிடலாம். அவசரமில்லை, தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தக் கறுப்பு என்ன? புகை, தூசி என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். விளக்கேற்றும் மண்டபத்துக்குள் அது சரி. அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்திருக்கும். வெளியே, வெயிலும் மழையும் படுகிற கருங்கல்லில் தெரியும் கறுப்பில் பெரும்பங்கு உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கல்பாசி ஆகியவைதான் அங்கே குடியிருக்கின்றன. பிரியாணிக்குப் போடுகிறோமே, அந்தக் கல்பாசியும் இந்த வகைதான். மழையில் நனைந்தால் இவை வளரும். கோடையில் காய்ந்து, கறுத்து, கல்லோடு ஒட்டிக்கிடக்கும். அடுத்த மழையில் மறுபடி உயிர்க்கும். ஆகவே கறுப்பு சுவர் முழுக்க ஒரே மாதிரி இராது. நீர் வழியும் தடத்தில் பட்டை பட்டையாக இறங்கியிருக்கும். கூரை விளிம்பான கொடுங்கைக்கு அடியில், மழை படாத இடத்தில் கல் தன் நிறத்திலேயே இருக்கும். அடுத்த முறை பழைய கோயில் ஒன்றுக்குப் போகும்போது நிமிர்ந்து பாருங்கள். கட்டடத்தில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதை அந்தக் கறுப்பே காட்டிக்கொடுக்கும்.

கறுப்பைத் தவிர வேறு படிவுகளும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு, பிற்காலத்தில் பூசிய எனாமல் பெயின்ட், புறா எச்சம், சிமென்ட் தெறிப்பு, சுவரொட்டிப் பசை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுக்கும் வழி வேறு. ஒரே கருவியால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நாம் தயங்க வேண்டும்.

இனி, நம் எல்லோருக்கும் இருக்கிற அந்த ஒரு தப்பெண்ணத்துக்கு வருவோம். கல் வேறு, அதன் மேல் இருக்கும் அழுக்கு வேறு என்று நினைக்கிறோம். கல் கெட்டியானது, எதையும் தாங்கும். ஆகவே அழுக்கைப் பலமாக அடித்து எடுத்தால் அடியில் பழைய கல் அப்படியே இருக்கும் என்பது நம் கணக்கு. ஆயிரம் ஆண்டு வெளியில் நின்ற கல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

கருங்கல் என்பது ஒரே பொருள் அல்ல. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்ற மூன்று கனிமங்களின் மணிகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகியதுதான் அதில் பெரும்பகுதி. உடைந்த ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடி போல மினுங்குவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ மங்கலாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாகத் தகடு தகடாக உரிவது மைக்கா. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. மைக்கா 3ஐ ஒட்டித்தான் வரும். மழைநீர் நூற்றாண்டுக் கணக்கில் பட்டுவந்தால் ஃபெல்ட்ஸ்பார் மிக மெல்லக் களிமண்ணாக மாறத் தொடங்கும். மணிகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு நெகிழும். கல்பாசியின் நூலிழைகள் அந்த இடைவெளிகளுக்குள் இறங்கும். இப்போது கல்லின் மேற்பரப்பில் எங்கே அழுக்கு முடிந்து எங்கே கல் தொடங்குகிறது? அப்படி ஒரு கோடு அங்கே இல்லை. மேலே சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. தளர்ந்திருந்தாலும் அதுவும் கல்தான். சிற்பி உளி வைத்த முகம் அந்த மெல்லிய பகுதியில்தான் இருக்கிறது.

இதன் மேல்தான் மணல் வீச்சு வருகிறது. சாண்ட் பிளாஸ்டிங் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வது இதைத்தான். கம்ப்ரஸரில் அழுத்திய காற்றோடு மணலைக் கலந்து குழாய் வழியே சுவரில் வேகமாக அடிப்பார்கள். மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கருங்கல்லிலேயே மிகக் கடினமான மணி எதுவோ, அதே பொருள். எது பாசி, எது கல் என்று மணலுக்குத் தெரியாது. முதலில் மைக்கா தெறிக்கும், அடுத்துத் தளர்ந்த ஃபெல்ட்ஸ்பார் உதிரும், பிடிமானம் போன குவார்ட்ஸ் மணிகளும் சில கூடவே விழும். மிச்சம் இருப்பது குழிகுழியான, சொரசொரத்த பரப்பு. அது வெளிறித் தெரியக் காரணம், புதிதாக உடைந்த பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதுதான். கருங்கல்லைப் பொடித்தாலும் பொடி வெளிறித்தான் இருக்கும். சுத்தமாகிவிட்டது என்று நாம் மகிழும் அந்த வெண்மை, கல் உடைந்ததன் வெண்மை. அழுக்கு போனது உண்மை. தான் ஒட்டியிருந்த கல்லோடு சேர்ந்து போனது.

அடுத்து நடப்பதையும் கவனியுங்கள். வழவழப்பான கல்லில் நீர் வழிந்து ஓடிவிடும், சொரசொரத்த கல்லில் தங்கும். தங்கிய ஈரத்தில் பாசி முன்னைவிட எளிதாக வேர்கொள்ளும். இப்படிச் சுத்தம் செய்த சுவர் சில மழைக்காலங்களில் மறுபடி கறுப்பதற்கும், அந்தக் கறுப்பு முன்பைவிட ஆழமாகப் பிடிப்பதற்கும் இதுவே காரணம். அடுத்த குடமுழுக்கில் மறுபடி அடித்தால் இன்னும் சில மில்லிமீட்டர் போகும். மணல் அடிக்கிற தொழிலாளியையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பறக்கும் நுண்துகளில் இருப்பது சிலிக்கா. அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது.

சில மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். உத்திரமேரூருக்குப் போவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊர்ச்சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, குடவோலை எப்படி எடுக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லும் எழுத்துகள். இப்படிப்பட்ட எழுத்துகளின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். பல கோயில்களில் அதற்கும் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில், 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது. அதன் அடிப்பீடமான அதிட்டானத்தைச் சுற்றி யார் என்ன கொடுத்தார், எவ்வளவு எடை, எந்த ஊர் நிலம் என்று வரிவரியாக வெட்டிவைத்திருக்கிறார்கள். அதிலே பின்ன எண்ணைக் குறிக்கும் ஒரு சிறு கோடு தேய்ந்தால் கொடையின் அளவே மாறிவிடும்.

கல்வெட்டைப் படியெடுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கல்லைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளைப் புகுத்துவார்கள். பிறகு மை ஒற்றினால் மேட்டில் மை பிடிக்கும், பள்ளம் வெள்ளையாகத் தெரியும். இப்படி எடுத்த படிகளை வைத்துத்தான் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890இல் வந்தது. அந்த வேலை இன்றும் நடக்கிறது. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் மை பிரித்துக் காட்டும். விளிம்பு மழுங்கி, சுற்றியுள்ள பரப்பும் குழிவிழுந்துவிட்டால் எங்கும் புள்ளிபுள்ளியாக மை பிடிக்கும். எழுத்து எது, குழி எது என்று எந்த அறிஞராலும் சொல்ல முடியாது. படியெடுக்காத கல்வெட்டில் இது நடந்தால் அந்தச் செய்தி உலகத்திலேயே இல்லாமல் போகிறது. இந்த ஓர் இழப்பை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு பதறும். சிற்பம் சிதைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வரி அழிந்தால் அழிந்ததுகூடத் தெரிவதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல் வீச்சுக்கு இன்று தடை இருக்கிறது. பல கோயில்களில் சேதம் நேர்ந்த பிறகு வந்த தடை அது.

செங்கல்லுக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்றம், 1892இல் திறந்த கட்டடம், செங்கல்லை வெளியே காட்டி நிற்கிறது. சூளையில் வேகும்போது செங்கல்லின் வெளிப்பரப்பு உள்பகுதியைவிட அதிகமாக வெந்து இறுகும். தேநீரோடு சாப்பிடும் பன்னைப் பாருங்கள். பழுப்பு நிற மேல்தோலைத் தேநீரில் தொட்டால் மெல்லத்தான் நனைகிறது. பிய்த்த பக்கத்தைத் தொட்டால் உடனே உறிஞ்சி, ஊறி, உடைந்து விழுகிறது. செங்கல்லின் வெந்த தோலும் அப்படித்தான் உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைக் காக்கிறது. மணலோ, கிரைண்டரோ, கம்பி பிரஷோ பட்டு அந்தத் தோல் போய்விட்டால் திரும்ப வராது. அமெரிக்காவில் இப்படிப் பல நகரங்களின் பழைய செங்கல் கட்டடங்கள் கெட்டன. அங்கே பழங்கட்டடத்தைச் சீரமைப்பவர்களுக்கு அரசு தரும் வரிச் சலுகை, மணல் வீச்சு செய்தால் கிடைக்காமல் போகலாம் என்ற நிலையே வந்தது. இயன்றதில் மிக மென்மையான வழியையே கையாள வேண்டும் என்பது அவர்கள் எழுதிவைத்திருக்கும் விதி.

சரி, மணல் வேண்டாம், ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? வீட்டுத் தரைக்கு வாங்குவோமே, அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். கரைக்கும்போது நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய செங்கற்களைப் பிடித்துவைத்திருப்பதே சுண்ணாம்புக் காரைதான். அழுக்கைக் கரைக்கப் போய் இணைப்பைக் கரைத்துவிடுவோம். கரைந்தது கால்சியம் குளோரைடு என்ற உப்பாகிச் சுவருக்குள்ளேயே தங்கும். கருங்கல்லில் சுண்ணாம்பு இல்லையே என்றால், அங்கே கறுப்பு மைக்காவில் இரும்பு இருக்கிறது. அமிலம் அதை வெளியே இழுத்துத் துருக்கறையாக விட்டுவிடும். காஸ்டிக் சோடாவும் தன் பங்குக்கு உப்பை விட்டுச்செல்லும்.

தண்ணீர்தான் நல்ல தொடக்கம். அதிலும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குப் பாய்ச்சும் குழாயின் அளவில் தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே முறை. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குள் தொடங்கச் சொல்கிறார்கள் சீரமைப்பு வல்லுநர்கள். 300, 400க்கு மேல் போவதற்குத் தகுந்த காரணம் வேண்டும். கார் கழுவும் பிரஷர் வாஷர் 1,400ஐச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தளர்ந்த கல்லுக்கு நேராகப் பிடித்தால் மணல் செய்ததைத் தண்ணீரே செய்துவிடும். ஆகவே ‘வாட்டர் வாஷ்’ என்று சொன்னதும் நிம்மதி அடைந்துவிடாமல், எவ்வளவு அழுத்தம் என்று கேட்க வேண்டும். கூடவே நைலான் அல்லது நார் பிரஷ் போதும். இரும்புக் கம்பி பிரஷின் துணுக்குகள் கல்லில் மாட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பாசிக்குத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் நீர்த்த அம்மோனியாவும் மென்மையான சோப்புக் கரைசலும் கலந்து பூசி, ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவுகிறார்கள். கல்பாசி முதலில் சாக வேண்டும், காய வேண்டும். பிறகு தானே பிடி விடும். உயிரோடு சுரண்டினால் கல்மணிகளைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

தேய்க்காமலே சுத்தம் செய்யும் வழி ஒன்றும் இருக்கிறது. அதற்கு மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலே நல்ல இடம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அன்று முதல் உப்புக்காற்றில் நிற்கிறது. காற்றோடு வரும் ஈரம் உப்பைக் கரைத்துக் கல்லின் துளைகளுக்குள் கொண்டுபோகும். வெயிலில் ஈரம் உலரும்போது உப்பு உள்ளேயே படிகமாகும். வளரும் படிகத்துக்கு இடம் வேண்டும். அது பக்கத்திலுள்ள மணிகளைத் தள்ளும். நாள்தோறும் நனைந்து, நாள்தோறும் உலர்ந்து, கல் பொரிந்து உதிரும். வீட்டுச் சுவரில் உப்பு பூத்துக் காரை உதிர்கிறதே, அதுவும் இதேதான். இங்கே மேலே துடைத்துப் பயனில்லை, எடுக்க வேண்டியது உள்ளே இருக்கிறது. ஆகவே காகிதக் கூழைச் சுத்தமான நீரில் பிசைந்து கல்லின் மேல் அப்புகிறார்கள். கூழிலுள்ள நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கிறது. கூழ் வெளிப்பக்கமாக உலர உலர, உப்புக் கரைசல் உள்ளிருந்து கூழுக்கு இழுபட்டு வருகிறது. காய்ந்த கூழை உரித்தால் உப்பும் அதோடு வந்துவிடும். ஒருமுறையில் முடியாது. உரித்த கூழில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சோதித்து, அது குறையும்வரை திரும்பத் திரும்ப அப்ப வேண்டும். கடல் அங்கேயே இருப்பதால் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். தாஜ்மகாலின் பளிங்கில் முல்தானி மெட்டியைப் பூசி மஞ்சள் கறையை எடுப்பதும் இதே வழிதான். மெதுவான, பொறுமையைக் கேட்கிற வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுவே. கல்லின் ஒரு மணியைக்கூடத் தொந்தரவு செய்வதில்லை.

எடுப்பதற்கு முன், எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அவற்றுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றி, அடியிலிருந்ததையும் வெளிக்கொண்டுவந்தார்கள். மேலே இருப்பது பழங்குப்பை என்று எண்ணிச் சுரண்டியிருந்தால் இரண்டுமே போயிருக்கும். வெளிச்சுவரின் சுண்ணாம்பு அடுக்குக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அடியில் எழுத்து இருக்கலாம், பழைய வண்ணம் இருக்கலாம். நனைத்து, ஊறவைத்து, மரத்தாலோ மூங்கிலாலோ ஆன சிறு கருவியால் அடுக்கடுக்காக எடுக்க வேண்டியது அது.

சுத்தம் செய்து முடித்ததும் எல்லோரும் கேட்பது, மேலே ஏதாவது கோட்டிங் அடித்துப் பாதுகாக்கலாமா என்பதுதான். நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்களில் இதற்குத்தான் முதலிடம் தருவேன். சுவருக்குள் நீர் மழையில் மட்டும் வருவதில்லை. அடித்தளத்திலிருந்து ஏறுகிறது, மேல்தளத்திலிருந்து கசிகிறது, காற்றிலிருந்து சேர்கிறது. வந்த நீர் வெளியேறுவது வெளிப்பரப்பின் வழியாக. நீரே புகாத பூச்சை அங்கே அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே நிற்கும். உப்பும் அங்கேயே படிகமாகும். ஒரு நாள் பூச்சு தனியாக வராமல் கல்லின் முகத்தையோ செங்கல்லின் தோலையோ பெயர்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் எமல்ஷனும் எனாமலும் செய்வது இதைத்தான். சுண்ணாம்பு வெள்ளை ஈரத்தைப் போகவிடும், அதனால்தான் அது அத்தனை காலம் தீங்கில்லாமல் இருந்தது.

சிமென்ட்டுக்கும் இதே குறை. செங்கல் இணைப்பில் சிமென்ட்டை நிரப்பினால் இணைப்பு வழியே ஈரம் போகாது, செங்கல் வழியேதான் போக வேண்டும். அப்போது உப்பு பூத்து உதிர்வது செங்கல். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது; ஈரத்தையும் தேய்வையும் அது தாங்கிக்கொள்ளும். உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் சிதைந்தபின், கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் காரையை வைத்துத்தான் சீரமைத்தார்கள்.

உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கினால் நீங்கள் கேட்கக்கூடியவை சில இருக்கின்றன. கல்வெட்டுகளைப் படியெடுத்து, புகைப்படமும் எடுத்தாகிவிட்டதா? கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர அடியில் மட்டும் செய்து பார்த்தார்களா? அந்த இடம் ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யக் கூடாது. நன்கு காய வேண்டும், ஒரு மழைக்காலமாவது அதன்மேல் போக வேண்டும். முடிந்தால் ஓராண்டு காத்திருப்பது நல்லது, உப்பு பூப்பது பல நேரம் தாமதமாகத்தான் தெரியும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று முன்பே பேசிவைத்தார்களா? என் எண்ணத்தில், கொஞ்சம் கறை மிஞ்சும்போதே நிறுத்துவது நல்லது. கடைசிக் கறையை எடுக்கிற முயற்சியில்தான் கல் போகிறது.

பெருஞ்செலவுத் திருப்பணிக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் செய்யக்கூடியதும் உண்டு. ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே மேல்தளத்து நீர்ப்போக்கியில் அடைத்திருக்கும் சருகையும் எச்சத்தையும் எடுத்துவிட்டால், சுவரில் வழியும் நீர் நன்றாகக் குறையும். நீர் குறைந்தால் பாசியும் குறையும். பறவைகள் போட்ட விதையிலிருந்து கோபுரத்தில் முளைக்கும் அரசையும் ஆலையும் இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிடலாம். வேர் தடித்துக் கல்லிடுக்கில் இறங்கிவிட்டதென்றால் இழுக்கக் கூடாது. இழுத்தால் கல்லும் சுதையும் பெயரும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் உள்ளேயே மடிந்தபின் அந்த இடைவெளியைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும்.